மஞ்சள் சட்டைச் சிப்பாய்

இது கட்டிவிட்ட கதை இல்லை. சங்கரன்கோவிலில் தறிக்காரர்கள் குடியிருக்கிற தெருப் பக்கம் போய், சாயப்பட்டறை வெள்ளத்துரை வீட்டில் நடந்தது என்ன என்று கொஞ்சம் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்வார்கள். யார் சொன்னாலும் இதில் ஒரு வார்த்தை கூடாது, குறையாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பேய் என்றதும் அமாவாசை ராத்திரி, நாய் ஊளை, வெள்ளைச் சேலை என்று எதிர்பார்த்து உட்காருகிறவர்களுக்கு இதில் ஏமாற்றம்தான். இது நடந்தது பட்டப்பகலில். மண்டை பிளக்கிற உச்சி வெயிலில். நாலு பக்கமும் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்த தெருவில்.

1978-ம் வருஷம். ஆடித்தபசுக் கூட்டம் வடிந்து ஒரு மாதம் போயிருக்கும்.

வெள்ளத்துரைக்கு நூலுக்குச் சாயம் போடுகிற வேலை. வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த பட்டறை. அதற்கும் பின்னால் கிணறு. நிறம் என்று வந்துவிட்டால் மனுஷன் ஆளே மாறிவிடுவான். மொட்டையாக ‘சிவப்பு’ என்று யாராவது சொன்னால் பிடிக்காது. வத்தல் சிவப்பா, செங்கல் சிவப்பா, வெற்றிலை போட்ட வாய்ச் சிவப்பா என்று கேட்டுக் கேட்டே எதிரில் இருப்பவரை ஓடவைத்துவிடுவான். பெண் பார்க்க வந்தபோதுகூட இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சேலைக் கரையைத்தான் பார்த்தார் என்று அவன் மனைவி முப்பிடாதி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அவர்களுக்கு ஒரே பெண், பேச்சி. ஏழு வயசு. கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லாமல், கோமதியம்மனுக்கு மாவிளக்கு எடுத்து, புற்றுமண்ணைக் கரைத்துக் குடித்துப் பெற்ற பிள்ளை. அவள் தும்மினால் இவர்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வரும். அவளுக்காகத்தான் இருவரும் உயிரை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் அது மிகை இல்லை.

அந்த வீட்டுக்கு ஒருநாள் பருத்தி மண்டி சங்கரசுப்பிரமணியன் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். நவராத்திரிக்கு அவர் வீட்டுக் கொலுவைப் பார்க்க ஊரே போகும். பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் மண்ணால் செய்த சிப்பாய் பொம்மைகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். தோளில் துப்பாக்கி, தலையில் உயரத் தொப்பி. நிறமெல்லாம் உதிர்ந்து வெறும் மண்ணாக இருந்தன.

“ராயகிரிப் பக்கம் ஒரு பெரிய வீட்டை இடிச்சாங்க. பரண்ல கிடந்துச்சு. வெள்ளைக்காரக் கும்பினிப் பட்டாளம் வே. இந்த வருஷக் கொலுவுல முதப் படி இதுக்குத்தான்.”

“அண்ணாச்சி, நான் நூலுக்குச் சாயம் போடுதவன்.”

“பொம்மைக்காரன்ட்ட குடுத்தா எல்லாத்துக்கும் ரோஸ் அடிச்சு விட்டுருவான். எனக்கு அசல் பட்டாளம் மாதிரி இருக்கணும். ஒமக்குத்தான் நிறம் தெரியும்.”

இந்த ஒரு வார்த்தை போதும், வெள்ளத்துரை விழுந்துவிடுவான். விழுந்தான்.

மண்டிக்காரர் ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்திருந்தார். அதில் கும்பினிச் சிப்பாய் படம் ஒன்று இருந்தது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு பேரும் அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். சட்டை சிவப்பு, அதில் சந்தேகம் இல்லை. கால்சட்டை வெள்ளை. தொப்பி கறுப்பு. சிக்கல் எங்கே வந்தது என்றால் காலரிலும் கைமடிப்பிலும். அது மட்டும் படத்தில் வெளிறித் தெரிந்தது. ஒவ்வொரு பட்டாளத்துக்கும் அந்த இடத்தில்தான் தனி நிறமாம், சண்டையில் எவன் எந்தப் பட்டாளம் என்று அதைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்வார்களாம்.

“கிளிப்பச்சை வைப்பமா?” என்றார் மண்டிக்காரர்.

“சிவப்புல பச்சையா? மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி இருக்கும்.”

“அப்ப வெள்ளை.”

“கால்சட்டையோட சேர்ந்து எடுபடாமப் போயிரும். மஞ்சள்தான் எடுப்பா இருக்கும்.”

“மஞ்சளே இருக்கட்டும்.”

“எந்த மஞ்சள்னு சொல்லுங்க” என்று வெள்ளத்துரை ஆரம்பித்ததும் மண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

போகும்போதுதான் ஒரு பொம்மை அவர் கண்ணில் பட்டது. மற்றதைவிட ஒரு விரற்கடை குட்டை. தோளில் துப்பாக்கி இல்லை. இரண்டு கையும் வயிற்றுக்கு முன்னால் மடங்கி, வெறுமனே காற்றில் நின்றன. வயிற்றில் எதுவோ ஒட்டியிருந்து உடைந்துபோன தழும்பு.

“இவன் கையில என்னமோ இருந்திருக்கு.”

“பரோட்டா மாஸ்டரா இருப்பான்” என்றான் வெள்ளத்துரை. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சாயம் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிண்ணத்தில் இருக்கிற நிறத்தை நம்பமாட்டார்கள். துணியில் ஏறி, காய்ந்து, பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் நிறம். அதனால் வெள்ளத்துரை புது மல்துணி வாங்கி, ஒரு துண்டைச் சிவப்பிலும் இன்னொரு நீளத் துண்டை மஞ்சளிலும் முக்கி எடுத்தான். காய்ந்ததும் மடித்து ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்தான். பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, அதன் முன்னால் பெட்டியை வைத்தான். எட்ட நின்று பார்த்தான். திருப்தியாக இருந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வாராவாரம் போல முப்பிடாதி சாம்பிராணி போட்டு எடுத்துவந்தாள். சாயத்தொட்டிக்குக் காட்டினாள். அம்மன் படத்துக்குக் காட்டினாள். நிற்கிறதே பாவம் என்று சிப்பாய்களுக்கும், அவற்றின் முன்னால் இருந்த புதுத்துணிப் பெட்டிக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுப் போனாள்.

இதில் என்ன தப்பு இருக்கிறது? அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மறுநாள் காலையிலேயே வெள்ளத்துரை வேலையை ஆரம்பித்தான். பொடிச் சாயத்தைப் பசையில் குழைத்து, எல்லாச் சிப்பாய்க்கும் சிவப்புச் சட்டை, மஞ்சள் காலர், மஞ்சள் கைமடிப்பு. கடைசியாக அந்தக் குட்டைச் சிப்பாய்க்கும் அதே சிவப்பு, அதே மஞ்சள். முனிசிபாலிட்டியின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தால், குட்டைச் சிப்பாய் மஞ்சள் சட்டையில் நின்றான். காலர் சிவப்பு. கைமடிப்பு சிவப்பு. தலைகீழ்.

கிண்ணம் மாறிப்போச்சு போல, வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டான். மறுபடி சட்டைக்குச் சிவப்பையும், காலருக்கும் கைமடிப்புக்கும் மஞ்சளையும் ஏற்றினான். மறுநாளும் சங்கு ஊதியது. சாப்பிட்டுவிட்டு வந்தான்.

மஞ்சள் சட்டை. சிவப்புக் கைமடிப்பு.

தொட்டுப் பார்த்தான். ஈரமே இல்லை. எப்போதோ பூசிக் காய்ந்தது போல இருந்தது. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. அவன் கைகூட அவ்வளவு நேர்த்தியாக ஓடாது. தூரிகைகள் அவன் கழுவி வைத்தபடியே கிடந்தன.

வெள்ளத்துரை அதற்குமேல் அந்தப் பொம்மையைத் தொடவில்லை. முப்பிடாதியிடமும் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டான். பயந்தது அவன்தான்.

இதற்கிடையில் முப்பிடாதி அவள் பாட்டுக்கு ஒரு காரியம் செய்திருந்தாள். ஓலைப்பெட்டியில் அந்த நல்ல மஞ்சள் துணி சும்மாதானே கிடக்கிறது, நவராத்திரிக்குப் பேச்சிக்கு ஒரு கவுன் ஆகுமே என்று, மஞ்சளையும் சிவப்பையும் எடுத்து டெய்லர் சேக் மைதீனிடம் கொடுத்துவிட்டாள். அளவுக்குப் பேச்சியின் பழைய கவுன் ஒன்றையும் கொடுத்தாள். எப்படித் தைக்க வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை.

தைத்து வந்ததைப் பார்த்து அவளே திகைத்தாள். மஞ்சள் கவுன். நிமிர்ந்து நிற்கிற சிவப்புக் காலர். கையில் அகலமான சிவப்பு மடிப்பு. தோளில் இரண்டு சிவப்புப் பட்டை.

“என்னட்டி இது, பேண்டு செட்டுக்காரன் சட்டை மாதிரி தைச்சு வச்சிருக்காரு.”

பேச்சிக்கு அது பிடித்துப்போனது. உடனே போட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். பட்டறையிலிருந்து வந்த வெள்ளத்துரை வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“கழட்டு மக்கா.”

“மாட்டேன்.”

“சொன்னாக் கேளு.”

பிள்ளை அழுதது. அவள் அழுதால் அவனுக்குத் தாங்காது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். அப்போதே உரித்து எறிந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்த பேச்சி இரண்டு ஆள்காட்டி விரலாலும் தட்டில் தட்டினாள். டக்... டக்... டரக். டக்... டக்... டரக்.

“ஏட்டி, சும்மா இரு. சோத்தைத் தின்னு.”

“நான் இல்லம்மா.”

“பெறகு யாரு?”

பேச்சி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் நிற்கவில்லை.

மறுநாள் காய்ச்சல். சரியாகப் பன்னிரண்டு மணிச் சங்கோடு ஏறும், வெயில் சாயும்போது இறங்கும். டாக்டர் ஊசி போட்டார். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் இட்டார்கள். பேச்சி கவுனைக் கழற்ற யாரையும் விடவில்லை. கிட்டப் போனால் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பேச்சும் குறைந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. தூக்கத்திலும் விரல்கள் மட்டும் போர்வையின்மேல் தட்டிக்கொண்டே இருந்தன.

முப்பிடாதிக்குக் கண்ணீர் வற்றிப்போனது. “அம்மா தாயே, குடுத்ததைத் திருப்பி எடுத்துராத” என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் நாள் முற்பகலில் கோயிலுக்குப் போனாள். வெள்ளத்துரை பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாலு பக்கமும் தறி ஓடுகிற சத்தம். அந்தச் சத்தமே அவனுக்குத் தாலாட்டு. கண் ஒரு நிமிஷம் சொருகியது.

சங்கு ஊதியது.

அதே நேரத்தில் கரண்ட் போனது. தெருவில் இருந்த அத்தனை தறியும் ஒன்றாக நின்றன.

அப்படி ஒரு அமைதியைச் சங்கரன்கோவிலில் கேட்பது அபூர்வம்...

அமைதி முழுசாக இல்லை. எல்லாச் சத்தமும் நின்ற பிறகு, ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

டக்... டக்... டரக்.

கண்ணைத் திறந்தான். பாயில் பேச்சி இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

சத்தம் பட்டறையிலிருந்து வந்தது. விரலால் தட்டுகிற சத்தம் இல்லை அது. கம்பால் தோலில் அடிக்கிற சத்தம்.

ஓடினான்.

சிப்பாய்களைக் காய்வதற்காகச் சுவரைப் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தான். இப்போது ஒன்றுகூடச் சுவரைப் பார்க்கவில்லை. அத்தனையும் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றன. குட்டைச் சிப்பாய் நின்ற இடம் மட்டும் காலி.

பட்டறைக்கு வெளியே, வெயிலில், பேச்சி நடந்துகொண்டிருந்தாள்.

விறைப்பாக. முழங்கால் மடங்காமல். இரண்டு கையும் வயிற்றுக்கு முன்னால் மடங்கி, காற்றில் ஏறி இறங்கின. கையில் எதுவும் இல்லை. முன்னாலும் எதுவும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு தடவை கை இறங்கும்போதும்...

டக்.

டக்.

டரக்.

“பேச்சி...”

திரும்பவில்லை.

அப்போதுதான் இன்னொரு சத்தமும் கேட்டது. அவளுக்குப் பின்னால். அவள் அடிக்கிற தாளத்துக்குச் சரியாக.

தப்... தப்... தப்...

பூட்ஸ் கால்கள். ஒன்றிரண்டு இல்லை.

கண்ணுக்கு ஒருவரும் இல்லை.

மண்ணில் மட்டும் புழுதி கிளம்பியது. வரிசையாக.

எதிரே கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.

பாய்ந்தான். புழுதிக்குள்ளே விழுந்துதான் பாய்ந்தான். யார்மீதோ இடித்தது. குளிர்ந்தது...

பிள்ளையை இடுப்போடு சேர்த்துத் தூக்கினான். தரையை விட்டுத் தூக்கிய பிறகும் அவள் கால்கள் நடந்தன.

காலரைப் பிடித்தான். கிழித்தான்.

சத்தம் நின்றது.

கவுன் கீழே விழுந்ததும் பேச்சியின் உடம்பு துவண்டது. அவன் தோளில் முகத்தை வைத்து, “அப்பா, என்னை எதுக்கு வெயில்ல நிப்பாட்டியிருக்கீக?” என்று கேட்டாள். வெள்ளத்துரை வாய்விட்டு அழுதான். கரண்ட் வந்து தறிகள் ஓடத் தொடங்கியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

குட்டைச் சிப்பாய் கிணற்று விளிம்பில் நின்றது.

கோயிலிலிருந்து வந்த முப்பிடாதியின் அலறல் கேட்டு, அடுத்த வீட்டு இசக்கியம்மாள் ஓடிவந்தாள். அந்த நேரம் பார்த்துப் பருத்தி மண்டிக்காரரும் சைக்கிளில் வந்து இறங்கினார். உள்ளே நடந்தது தெரியாமல் வாசலிலேயே பேச ஆரம்பித்தார்.

“வே, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அடிச்சிராதீரும். பாளையங்கோட்டையில ஒரு பழைய பட்டாளத்துக்காரர்ட்ட விசாரிச்சேன். அந்தக் குட்டை இருக்கான்லா, அவன் மேளம் அடிக்கிற பயலாம். கும்பினியில மேளக்காரப் பயலுக்கு மட்டும் நிறத்தை மாத்திப் போடுவாங்களாம். மஞ்சள் சட்டை, சிவப்புக் கைமடிப்பு. தூரத்துல இருந்தே அடையாளம் தெரியணும்னு...”

பேசிக்கொண்டே பின்பக்கம் வந்தவர், கிணற்று விளிம்பில் நின்ற மஞ்சள் சட்டைப் பொம்மையைப் பார்த்தார்.

“ஒமக்கு யாரு சொன்னா?”

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். “எல்லாம் தாய் தகப்பன் இல்லாத சின்னப் பயல்களாம். செத்தா தேடிக்கிட்டு ஒருத்தரும் வர மாட்டாங்களாம்.”

இசக்கியம்மாள் கிழிந்த கவுனைப் பார்த்தாள். பட்டறைக்குள் இருந்த ஓலைப்பெட்டியைப் பார்த்தாள். பொம்மைக்கு முன்னால் துணி வைத்ததையும் சாம்பிராணி காட்டியதையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். சின்ன வயசில் செத்துப்போன பிள்ளைக்கு, பெற்றவர்கள் ஓலைப்பெட்டியில் புதுத்துணி வைத்து, சாம்பிராணி காட்டிக் கும்பிடுவார்கள். அப்புறம் அந்தத் துணியை வீட்டுப் பிள்ளை ஒன்று உடுத்திக்கொள்ளும். அதில் செத்த பிள்ளையின் மனசு ஆறும்.

“அவனுக்குத் துணி வைக்க நாதி இல்ல” என்றாள் இசக்கியம்மாள். “நீங்க வச்சுட்டீக. எடுத்து ஒங்க பிள்ளைக்கும் உடுத்திட்டீக. அவனுக்கு இனி நீங்கதான் தாய் தகப்பன். பேச்சி கூடப்பொறந்தவ. தன் பட்டாளத்துக்கு அவளையும் கூட்டிக்கிட்டுப் போகப் பாத்தான்.”

சாயங்காலம் பொழுது இறங்குமுன் பொம்மைகளை அந்த மரப்பெட்டியிலேயே அடுக்கி ஊருக்கு வெளியே குளத்துக்குக் கொண்டுபோனார்கள். கவுனையும் குட்டைச் சிப்பாயையும் சேர்த்துக் கட்டித் தண்ணீருக்குள் விட்டார்கள். மற்றவற்றையும் விட்டார்கள். சுடாத மண், கரைந்து போகும். மண்டிக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த வருஷம் அவர் வீட்டில் கொலு வைக்கவில்லை.

பேச்சிக்குக் காய்ச்சல் விட்டது. விரல்கள் ஓய்ந்தன. பள்ளிக்கூடம் போனாள், பல்லாங்குழி ஆடினாள், அம்மாவிடம் அடி வாங்கினாள். வீடு மறுபடி வீடாக ஆனது. முப்பிடாதி கோமதியம்மனுக்கு மறுபடி மாவிளக்கு எடுத்தாள்.

சரஸ்வதி பூஜையன்று கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்த வெள்ளத்துரையை டெய்லர் சேக் மைதீன் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, இன்னொரு சட்டை தைச்சு முடிஞ்சு ரொம்ப நாளாக் கிடக்கு. வாங்கிட்டுப் போகலியே?”

“எந்தச் சட்டை?”

“பாப்பா கவுனுக்குத் துணி குடுத்தீயள்லா, அதுல மிஞ்சினதுதான். ஒங்க பையன் வந்து தைக்கச் சொன்னானே.”

“எனக்கு ஏது பையன்?”

“ஒரு பத்து வயசுப் பையன். உச்சி நேரத்துல வந்தான். ஊமைப் பையன் போல, ஒரு பேச்சுப் பேசல. பாப்பா கவுனுக்குக் காலரு, கைமடிப்பு எல்லாம் எப்படி வைக்கணும்னு அவன்தான் தொட்டுத் தொட்டுக் காட்டினான். நீங்க அனுப்பிச்ச பிள்ளைன்னுல்லா நினைச்சேன்.” சேக் மைதீன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். “அப்புறம் மிச்சத் துணியைக் காட்டி, ரெண்டு கையையும் இம்புட்டுக்கு விரிச்சான். நானும் அந்த அளவுக்கே தைச்சேன்.”

அவர் காட்டிய இடைவெளி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.

பொட்டலத்துக்குள் மஞ்சள் சட்டை. சிவப்புக் காலர். சிவப்புக் கைமடிப்பு. பேச்சியின் தலைகூட அதில் நுழையாது. பிறந்த குழந்தைக்குப் போடுகிற அளவு.

வெள்ளத்துரை அதை அங்கேயே எரித்திருக்கலாம். என்ன நினைத்தானோ, வீட்டுக்கு எடுத்துவந்து முப்பிடாதியிடம் நீட்டினான். டெய்லர் சொன்னதைச் சொன்னான். அவள் அதை விரித்துப் பார்த்தாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள்.

“ரெண்டு மாசமா நாள் தள்ளிப் போயிருக்கு. உறுதியாகட்டும்னு நான் இன்னும் ஒங்ககிட்டகூடச் சொல்லலியே” என்றாள்.